கொம்பிரசர் இடித்துக்கொண்டு கிளம்புவது ஏன்?

(குச்சவெளியில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குக் குச்சவெளிக் கடற்கரையில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். இந்த உறவு பழையது. 1977 இலும் 1983 இலும் மலையகத்தில் அடித்து விரட்டப்பட்ட எங்கள் குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் வந்துதான் குடிசை போட்டன. இன்றைக்கு வேறொரு கூட்டம் வருகிறது. லயத்துப் பிள்ளைகள் ஓ.எல். எழுதிவிட்டு, பெறுபேறு வருவதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு வேலை தேடிப் போகிறார்கள். டயர் கடை, வாகனக் கராஜ், படகு எஞ்சின் திருத்தும் இடம், பெயின்ற் அடிக்கும் இடம் என்று எங்கே போனாலும் மூலையில் ஒரு கொம்பிரசர் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே புதுப் பையனிடம் "சுவிட்சைப் போடு" என்பார்கள்.

நாங்கள் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள். விடுமுறையில் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், கொம்பிரசர் கிளம்பும்போது டமார் என்று இடிக்குது, லைற் எல்லாம் மங்குது. கேட்டால், அது அப்பிடித்தான் என்று சொல்றாங்க. உண்மையா?"

உண்மை இல்லை. நல்ல நிலையில் இருக்கிற கொம்பிரசர் சத்தம் போடும், ஆனால் இடிக்காது. இடித்துக்கொண்டு கிளம்பினால் அதற்குக் காரணம் ஒன்று இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடும் வழியையும், தேடும்போது கை விரலும் உயிரும் பத்திரமாக இருக்கிற வழியையும்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். மலையில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் இது வேண்டியதுதான். தேயிலைப் பாக்டரிகளில் தூளில் இருந்து நார் பிரிக்கிற கலர் சோர்ட்டர் மெஷின் காற்றை ஊதித்தான் நாரைத் தள்ளுகிறது. அந்தக் காற்றும் கொம்பிரசரில் இருந்துதான் வருகிறது.

முதலில் மெஷினைத் தெரிந்துகொள்வோம். மோட்டர் சுற்றுகிறது. பெல்ட் அந்தச் சுற்றைப் பம்புக்குக் கொடுக்கிறது. பம்புக்குள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போய்க் காற்றை நெருக்குகிறது. நெருக்கிய காற்று ஒரு குழாய் வழியாக டாங்கிக்குப் போகிறது. டாங்கியின் வாயில் ஒருவழி வால்வு இருக்கும், கராஜில் நொன் ரிட்டர்ன் வால்வு என்பார்கள். உள்ளே போன காற்றைத் திரும்பி வர விடாமல் மறிப்பது அதன் வேலை. டாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்துவதும், காற்றுக் குறைந்ததும் திரும்பக் கிளப்புவதும் பிரஷர் சுவிட்ச்.

அந்தப் பிரஷர் சுவிட்சோடு சேர்ந்து அன்லோடர் என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. மோட்டர் நின்றவுடன் "புஸ்" என்று ஒரு சத்தம் வருமே, அது அன்லோடர் போடும் சத்தம். பம்புக்கும் டாங்கிக்கும் இடையிலுள்ள குழாயில் மாட்டிக்கொண்ட காற்றை அது வெளியே விடுகிறது. அப்படி விட்டால்தான் அடுத்த முறை மோட்டர் சுமையில்லாமல் கிளம்பும்.

சுமை எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். 90 பி.எஸ்.ஐ. அமுக்கத்தில் திரும்பக் கிளம்பும்படி வைத்த ஒரு மெஷின். பிஸ்டனின் விட்டம் 65 மில்லிமீற்றர். அப்படியானால் பிஸ்டனின் தலையின் பரப்பு ஏறத்தாழ 33 சதுர சென்ரிமீற்றர். 90 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 6.3 கிலோ அளவு. இரண்டையும் பெருக்கினால் 210 கிலோவுக்குக் கிட்ட வருகிறது. 50 கிலோ உர மூட்டை நாலு. அன்லோடர் காற்றை விடவில்லை என்றால், நின்ற நிலையில் இருக்கிற மோட்டர் முதல் சுற்றிலேயே அந்த நாலு மூட்டையைத் தூக்கவேண்டும்.

கொழுந்துச் சாக்கோடு மடுவத்துக்கு நடக்கிற தாய்மாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடக்கத் தொடங்கிய பிறகு சுமை பழகிவிடும். குந்திய இடத்தில் இருந்து சுமையோடு எழும்புவதுதான் முதுகை முறிக்கும். மோட்டருக்கும் அப்படித்தான். நேரடியாகக் கிளப்பும் மோட்டர் அந்த முதல் நொடியில், வழமையாக ஓடும்போது எடுக்கும் கரண்டைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். சுமையும் சேர்ந்தால் அந்த இழுவை ஒரு நொடியில் முடியாமல் நீளும். இடி, அதிர்வு, லைற் மங்குவது எல்லாம் அங்கே இருந்துதான் வருகின்றன.

இனிச் சோதனைக்கு வருவோம். எதையும் கழற்றுவதற்கு முன்னால் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதற்கு ஸ்பெனர் தேவையில்லை.

மெஷினை நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். டாங்கியின் அடியிலுள்ள தண்ணீர் வடிக்கும் வால்வை மெதுவாகத் திறந்து, காற்று முழுவதையும் வெளியே விடுங்கள். மானி பூச்சியம் காட்டினால் மட்டும் போதாது, மானி இறுகிப்போயும் இருக்கலாம். காற்று வரும் சத்தம் முற்றாக நிற்கும் வரை பொறுங்கள். அந்த வால்வைத் திறந்தபடியே விட்டு, திரும்பப் பிளக்கைப் போட்டு மெஷினைக் கிளப்புங்கள்.

இப்போது மெஷின் அமைதியாகக் கிளம்பினால், பழுது காற்றுப் பக்கத்தில் இருக்கிறது. அன்லோடரை அல்லது ஒருவழி வால்வைப் பாருங்கள். டாங்கி வெறுமையாக இருந்தும் இடித்துக்கொண்டே கிளம்பினால், பழுது கரண்டிலோ, பெல்ட்டிலோ, மோட்டரிலோ, பம்பிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். இதைச் செய்யாமல் புது மோட்டர் வாங்கிப் போட்டு, அதுவும் இடிக்கிறது என்று தலையில் கை வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

காற்றுப் பக்கத்தை முதலில் எடுப்போம். மோட்டர் நிற்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். "புஸ்" என்று சுருக்கமாக வந்து நின்றால் சரி. "புஸ்" வரவே இல்லையென்றால் அன்லோடர் வேலை செய்யவில்லை. அதற்குப் போகும் சின்னக் குழாய் அடைத்திருக்கலாம், நெளிந்திருக்கலாம், வால்வின் ஊசி துருப்பிடித்து இறுகியிருக்கலாம். "புஸ்" வந்து நிற்காமல் தொடர்ந்து ஊதிக்கொண்டே இருந்தால் ஒருவழி வால்வு காற்றைத் திரும்ப விடுகிறது. அதற்குள்ளே கரி, துரு அல்லது தேய்ந்துபோன வட்டு இருக்கும். கழற்றித் துப்புரவாக்கலாம், விலையும் பெரிய விலை இல்லை. ஆனால் டாங்கியில் காற்று இருக்கும்போது அந்த வால்வில் ஸ்பெனர் வைக்கக்கூடாது. காற்று அதைத் தோட்டாவைப்போல எறியும்.

அடுத்தது கரண்ட். கராஜ்களில் நாங்கள் அதிகம் காண்பது நீளமான, மெல்லிய எக்ஸ்டென்சன் வயர். 2 குதிரைவலு மோட்டர் 230 வோல்ட்டில் கிளம்பும்போது 50 அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். 30 மீற்றர் நீளமுள்ள 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில், போகிற வழியும் வருகிற வழியும் சேர்ந்து ஏறத்தாழ 36 வோல்ட் வயரிலேயே விழுந்துவிடும். மோட்டருக்குக் கிடைப்பது 194. வோல்ட் குறைந்தால் மோட்டர் திருப்பும் பலம் அதே அளவில் குறையாது, அதைவிட அதிகமாகக் குறையும். இந்தக் கணக்கில் பத்தில் மூன்று பங்கு பலம் போய்விடுகிறது. மோட்டர் முனகி, உதறி, மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும்.

இதற்கு மருந்து சுலபம். கொம்பிரசரை மின்சாரப் பலகைக்குக் கிட்டக் கொண்டுபோய் வையுங்கள். தூரம் போகவேண்டும் என்றால் காற்றுக் குழாயை நீட்டுங்கள். வயரை நீட்ட வேண்டாம்.

சிங்கிள் பேஸ் மோட்டரின் முதுகில் ஒரு குமிழுக்குள்ளே கெபாசிட்டர் இருக்கும். மோட்டரை முதலில் உந்திவிடுவது அதுதான். அது பலம் இழந்தால் மோட்டர் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு நிற்கும், அல்லது தட்டுத்தடுமாறிக் கிளம்பும். வீங்கியிருந்தாலோ ஒயில் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். அதனால் அந்தக் குமிழைத் திறப்பது மின்சார வேலை தெரிந்தவரின் வேலை. மூன்று பேஸ் மோட்டரில் ஒரு பேஸ் அறுந்துபோனாலும் இதே முனகல்தான் வரும். உடனே நிறுத்தவேண்டும், ஒரு நிமிடம் விட்டாலும் மோட்டர் கருகிவிடும்.

பாக்டரியில் இருக்கும் பெரிய மெஷின்களில் ஸ்டார் டெல்ரா என்ற முறையில் கிளப்புவார்கள். முதலில் குறைந்த கரண்டில் சுற்றவிட்டு, வேகம் பிடித்தபின் முழுப் பலத்துக்கு மாற்றும். மாறும்போது "டக்" என்று ஒரு சின்னச் சத்தம் வருவது வழமை. வேகம் பிடிப்பதற்கு முன்பே மாறினால் பெரிய உதறல் வரும். அங்கே பார்க்கவேண்டியது நேரம் வைக்கிற டைமரை.

மூன்றாவது பெல்ட். கிளம்பும்போது கீச்சிட்டால் பெல்ட் தொய்ந்திருக்கிறது அல்லது தேய்ந்து வழுக்குகிறது. மெஷினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். சாதாரண கராஜ் மெஷினில் அரை அங்குலம் அளவு அமிழ்ந்தால் சரி. கூட இறுக்கினால் பெயாரிங் போய்விடும். இரண்டு சக்கரமும் ஒரே நேரில் நிற்கிறதா என்று ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். கிளம்பும்போது ஒரு "டக்", நிற்கும்போது ஒரு "டக்" என்று கேட்டால், சக்கரத்தைத் தண்டோடு பிடித்து வைத்திருக்கும் சாவிக் கட்டை ஆடுகிறது. அதை விட்டுவைத்தால் சக்கரமே கழன்று ஓடும்.

நாலாவது பம்பும் அடித்தளமும். ஒயில் மட்டத்தைப் பாருங்கள். கொம்பிரசர் ஒயில்தான் விடவேண்டும். கிளம்பிய பிறகும் சுற்றுக்கு ஒரு தட்டு என்று சுத்தியலால் அடிப்பதுபோல் கேட்டால், உள்ளே பெயாரிங்கோ பிஸ்டன் ஊசியோ தேய்ந்திருக்கிறது, அல்லது வால்வுத் தகடு உடைந்திருக்கிறது. ஓட்ட வேண்டாம். அடித்தளத்து நட்டுகளைப் பாருங்கள், இறப்பர்க் கால்களைப் பாருங்கள். நாலு காலும் தரையில் சமனாக இருக்கவேண்டும். மேடுபள்ளமான தரையில் போல்ட் போட்டு முறுக்கி இறுக்கினால் டாங்கியின் கால் பற்றிய இடம் வெடிக்கும்.

குச்சவெளியில் இன்னொன்றும் இருக்கிறது. உப்புக் காற்று. இங்கே கடலைத் தொட்டுக்கொண்டுதான் கராஜ் இருக்கிறது. வயர் முனையிலும் பிரஷர் சுவிட்சின் தொடுமுனையிலும் பச்சையும் துருவும் பிடிக்கும், அதனாலேயே கரண்ட் குறையும், கிளம்புவது கெடும். மழைக்காலத்தில் ஈரக் காற்றை நெருக்கும்போது டாங்கிக்குள் தண்ணீர் சேரும். தண்ணீர் சேர்ந்தால் காற்றுக்கு இடம் குறையும், மெஷின் அடிக்கடி கிளம்பவேண்டி வரும். அடிக்கடி கிளம்பினால் கெபாசிட்டரும் சுவிட்சும் சீக்கிரம் போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, தண்ணீர் டாங்கியின் அடியை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ற் பளபளக்கும், உள்ளே தகடு கடதாசியாகிவிடும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்துவிடுங்கள். அடியில் துளை கண்டால் ஒட்டுப் போட்டு ஓட்டக்கூடாது. அந்த டாங்கியின் காலம் முடிந்துவிட்டது.

தம்பிமாரே, இனிச் சொல்வதை நல்லாகக் கேளுங்கள். கொம்பிரசர் கிளம்ப மறுத்தால், பெல்ட்டைக் கையால் இழுத்துச் சுற்றிவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். பிடித்த விரலோடு சேர்த்துத்தான் பெல்ட் சக்கரத்துக்குள் போகும். பெல்ட்டை மூடும் கூட்டைக் கழற்றிவைத்து ஓட்டச் சொன்னால் ஓட்டாதீர்கள். டிரிப் அடிக்கிறது என்று பியூசுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றச் சொன்னால் சுற்றாதீர்கள். சேப்டி வால்வு காற்று விடுகிறது என்று அதைக் கம்பியால் கட்டவோ அடைக்கவோ கூடாது. டாங்கி வெடிக்காமல் காப்பது அந்தச் சின்ன வால்வுதான். உடம்பில் படிந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிக்கொள்ளாதீர்கள், ஒருவருக்கொருவர் விளையாட்டுக்கும் அடிக்காதீர்கள். தோலில் ஒரு காயம் இருந்தால் அது வழியே காற்று உள்ளே போய்விடும், கண்ணும் காதும் போகும். கராஜ் கொம்பிரசரின் காற்றைக் குழாயில் எடுத்துக்கொண்டு கடலில் மூழ்காதீர்கள். ஒயில் புகையும் எஞ்சின் புகையும் கலந்த காற்று அது. தண்ணீருக்கு அடியில் மயக்கம் வந்தால் எழுப்புவதற்கு ஆள் இல்லை.

"செய்யாதே என்று சங்கம் சொல்லிவிட்டுப் போகும், முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் யார் சோறு போடுவது?" என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதனால் உங்கள் கையில் இருக்கிற சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஓடும் மெஷினுக்குக் கூடு போடவேண்டும் என்பதும், காற்று டாங்கியைத் தகுதியுள்ளவர் பரிசோதிக்கவேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையில் காயம்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வாய்ப்பேச்சில்தான் சேர்த்தார்கள் என்பது அந்த உரிமையைப் பறிக்காது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்டவேண்டும். தோட்டத்தில் உங்கள் அப்பா அம்மாவுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். பிள்ளை வேலை செய்கிற கராஜிலும் இதே கணக்குத்தான்.

வேலை பழகிய பிள்ளைகள் வெறுங்கையோடு இருக்கவேண்டியதும் இல்லை. கராஜில் வருடக்கணக்கில் பழகிய வேலையைச் சோதித்துப் பார்த்து, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. கொடுக்கும் முறை இருக்கிறது. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் விசாரிக்கலாம். கையில் சான்றிதழ் இருக்கிற பையன் "இந்த வால்வைக் கட்டக்கூடாது" என்று சொன்னால் முதலாளியும் ஒரு தரம் யோசிப்பார்.

எல்லா முதலாளியும் கெட்டவர் இல்லை. பல கராஜ்காரர் கடன் வாங்கித்தான் அந்த மெஷினை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் "இது ஆபத்து" என்று மட்டும் சொன்னால் காதில் ஏறாது. "அன்லோடர் குழாய் அடைத்திருக்கிறது, இதைத் துப்புரவாக்கினால் மோட்டர் கருகாமல் தப்பும், கரண்ட் பில்லும் மிச்சம்" என்று சொன்னால் ஏறும். காரணத்தோடு பேசுகிற தொழிலாளியைப் புறந்தள்ளுவது கஷ்டம். சங்கத்தில் நாங்கள் சம்பளப் பேச்சுக்குப் போகும்போதும் இப்படிக் கணக்கோடுதான் போகிறோம்.

அதனால் ஒவ்வொருவரும் ஒரு 40 பக்கக் கொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் வழமைக்கு மாறாகச் சத்தம் போட்டால் திகதியைப் போட்டு எழுதுங்கள். என்ன சத்தம், கிளம்பும்போதா நிற்கும்போதா, டாங்கி வெறுமையாக இருக்கும்போதும் வந்ததா, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார். பழுது பார்க்க வருபவருக்கு அந்தக் கொப்பி வழிகாட்டும். ஒரு நாள் விபத்து நடந்து தொழில் திணைக்களத்தில் நிற்கவேண்டி வந்தால், உங்கள் பக்கத்தில் பேசுவதற்கு அந்தக் கொப்பி இருக்கும்.

மலையில் இருக்கிற தாய்மாரிடம் கடைசியாக ஒன்று கேட்கிறோம். பிள்ளை போன் எடுக்கும்போது சாப்பிட்டாயா என்று கேட்கிறீர்கள், சம்பளம் வந்ததா என்று கேட்கிறீர்கள். அதோடு சேர்த்து, "மெஷினுக்குக் கூடு போட்டிருக்கா? டாங்கித் தண்ணியை வடிச்சியா?" என்றும் கேளுங்கள். பிள்ளையின் பதில் தடுமாறினால், தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ சொல்லுங்கள். அவர்கள் எங்களுக்குச் சொல்வார்கள், நாங்கள் அந்தக் கராஜுக்குப் போய்ப் பேசுகிறோம்.